மூன்றாவது மாதிரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சோடா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தான் உப்பைக் குறைத்தாரா, இல்லை டாக்டருக்கே புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதறியிருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் "குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார்" என்று என் வீட்டுக்காரி சொல்வது பொய். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன். போனைக் காதில் வைக்க முடியவில்லை அக்கா. வைத்தால் லிஃப்ட் மெஷின் ரூம் இன்டர்காம் இரைகிற மாதிரியே இருக்கிறது. அன்றைக்கு அந்த இன்டர்காமில்தான் மச்சான் "மேல ஏத்து மாப்ள" என்றான். நான் ஏற்றினேன். பிரேக் பிடிக்கவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். பிரேக் கோளாறு, யார்மேலும் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போன் விஷயம்தான் தெரியாது. அதனால் இனிமேல் கடிதம்.

கம்பெனியில் என்னை லிஃப்ட் பக்கமே விடாமல் ஸ்டோர் ரூமில் போட்டிருக்கிறார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் வீடு ஆறாவது மாடி என்பது உனக்குத் தெரியும். படியில்தான் ஏறுகிறேன். "அப்பா எக்சர்சைஸ் பண்றாரு" என்று குட்டி கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தொப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண்ட லாபம் அது ஒன்றுதான்.

வீட்டில் நான் எதையும் சொல்வதில்லை. கூடப் பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவளிடம் உட்கார்ந்து என் கஷ்டத்தைப் பாடுவதா? தூக்கத்தில் ஒன்று வருகிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். குட்டி உனக்கு ஒரு யானை வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். யானை என்று நான் சொன்னால்தான் தெரியும்.

உன் தம்பி
சோடா

*

ஜனவரி 21

அருமைத் தம்பி சோடாவுக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் நலம். முதுகுவலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, அதைக் கேட்காதே. யானை பிரமாதம். அத்தான் அதைத் தேநீர்க் கெண்டி என்றார்.

போன் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை மாதமாக இதைக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாயே! என் வேலையே இதுதான் என்று உனக்குத் தெரியாதா? விபத்து, தீ, வெள்ளம் என்று எதிலாவது சிக்கிப் பிழைத்தவர்களுக்கு மனதில் தங்கிவிடுகிற பாதிப்பை அளப்பதற்குத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் கேள்விகள் தயாரிக்கிறோம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிற மாதிரி இதற்கு ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு பலமாக வருகிறது, இரண்டையும் பார்த்துப் போட வேண்டும். சிகிச்சைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்தால்தான் மருந்தோ பேச்சோ வேலை செய்ததா என்று தெரியும்.

சொல்லச் சுலபம். கேள்வி கேட்டால் நம் ஆட்கள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். "பழகிடுச்சும்மா." அதற்கு ஒருத்தி பூஜ்யம் போடுகிறாள், ஒருத்தன் மூன்று போடுகிறான். நேர்காணல் செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் கற்பனையாக எழுதி வைத்த மாதிரிகள் எல்லாம் சவசவ என்று இருக்கின்றன. பெரிய டாக்டர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஆளுக்கு நாலு பேர் நாலு மார்க் போட்டா அதுக்குப் பேரு அளவுகோலா?" என்று கேட்டார்.

அது என் தலைவலி, விடு. தூக்கத்தில் என்ன வருகிறது? யோசிக்காமல் எழுது. எனக்கு எழுதுவதும் உனக்குள் நீ பேசிக்கொள்வதும் ஒன்றுதான். என் மேசை டிராயரைத் தாண்டி எதுவும் போகாது. அத்தானிடம்கூடச் சொல்லமாட்டேன்.

உன் அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேநீர்க் கெண்டி என்று சொன்னதைக் குட்டியிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் அத்தானுக்குப் படம் கிடையாதாம்.

சரி, எழுதிவிடுகிறேன். கனவில் மச்சானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லிஃப்டுக்குள் நிற்பான். எண்ணெய்க்கறை இல்லாத புதுச் சட்டை, ஊதாக் கட்டம் போட்டது. கடையில் காலரில் குத்தி வைப்பார்களே, அந்தக் குண்டூசியைக்கூட எடுத்திருக்கமாட்டான். நான் உள்ளே நுழைந்ததும் ரொம்ப மரியாதையாக "எந்த மாடி மாப்ள?" என்று கேட்பான். எனக்கு ஞாபகம் வராது. சுவரில் வரிசையாகப் பட்டன்கள் இருக்கும், ஒன்றிலும் நம்பர் இருக்காது. அவன் கோபப்படமாட்டான். சிரித்துக்கொண்டே "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு" என்பான். அவ்வளவுதான். ரத்தம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் எழுந்தால் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது. பிறகு விடிகிறவரை சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அவன் ஒரு நாளாவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஸ்க்ரூ டிரைவர் மாற்றிக் கொடுத்தாலே பிடிபிடி என்று பிடிப்பான். கனவில் மட்டும் எதற்கு இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?

எழுதி முடித்ததும் கை லேசாக இருக்கிறது. நீ சொன்னது சரிதான் டீச்சரம்மா. இதை இவளிடம் ஒருநாள் நானே சொல்வேன். இப்போது வேண்டாம். நல்ல நேரம் பார்த்துச் சொல்வேன்.

உன் தம்பி
சோடா

*

மார்ச் 14

அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை என்றால் அப்படி ஒரு வேலை.

கனவைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

இங்கே ஒரு நல்ல செய்தி. பயிற்சி மாதிரிகளை மாற்றினோம். மாற்றியபிறகு நேர்காணல் செய்கிறவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே மார்க் போடுகிறார்கள். ஒரு மாதிரியைப் படித்துவிட்டு எல்லோரும் ஒன்றுபோல மூன்று என்று எழுதினார்கள். பெரிய டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

உன்னிடம் சில கேட்கவேண்டும். கனவு வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது? எழுந்தபிறகு படபடப்பு அடங்க எவ்வளவு நேரமாகிறது? போன், லிஃப்ட் தவிர வேறு எதையெல்லாம் தவிர்க்கிறாய்? திடீர்ச் சத்தம் கேட்டால் தூக்கிப்போடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? உனக்குப் பாராட்டுக் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உன் கடிதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்கிற மாதிரி இருக்கிறது. வீட்டில் ஆடுமாடு உண்டா என்பதை மட்டும்தான் விட்டுவிட்டாய். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. மற்றதையெல்லாம் நேரில் வா, சொல்கிறேன்.

சிரிக்கிற விஷயம் இவ்வளவுதான். போன வாரம் குட்டிக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனோம். நான் பில் போடுகிற இடத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் குட்டி ஓடிப்போய்த் திறந்திருந்த லிஃப்டுக்குள் நிற்கிறாள், கதவு மூடப்போகிறது. எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. குழந்தை என்னைப் பார்த்து அழவில்லை அக்கா, அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "வைத்தியம் பாருங்க. இல்லன்னா நானும் குட்டியும் அம்மா வீட்டுக்குப் போயிடறோம்." கத்தவில்லை, அமைதியாகச் சொன்னாள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு சிகிச்சை ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறார்களாம், வாராவாரம் ஆலோசகரோடு பேச வேண்டுமாம். இவளே விசாரித்துப் பெயர் கொடுத்துவிட்டாள். இந்த ஊரில் வேறு எங்கேயும் இது கிடையாது. போகட்டுமா? இதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 10

அருமைத் தம்பிக்கு,

குட்டியின் கை எப்படி இருக்கிறது? அவளுக்கு என் முத்தங்கள். கண்ணை மூடிக்கொண்டு போ. நானே சொல்லவேண்டும் என்று இருந்தேன். அந்தச் சிகிச்சை நல்ல சிகிச்சை, எத்தனையோ பேர் தேறி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் கேள்விகளை வைத்து நேர்காணல் இருக்கும். மொத்த மார்க் ஒரு கோட்டுக்கு மேலே போனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் ஆம்பிளை ஜம்பத்தில் பழகிடுச்சு என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. உள்ளதை உள்ளபடி சொல். நீ என் தம்பி என்பதை நானும் அங்கே சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. தெரிந்தவர் வீட்டு ஆள் என்றால் மார்க் போடுகிறவர் கை சாயும், அது முறையில்லை.

தைரியமாகப் போய் வா.

உன் அக்கா

*

ஏப்ரல் 27

சோடா,

சுகமா? அவசரமாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன்னால் எடுக்க முடியாது, வீட்டில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இப்போது போகவேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போடு. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் விபத்தைப் பற்றி மட்டும் சொல். கனவை அங்கே சொல்லாதே. காரணத்தை நேரில் வரும்போது சொல்கிறேன். பயப்படும்படி எதுவும் இல்லை.

அத்தான் உப்பைக் குறைத்துவிட்டார்.

அக்கா

*

மே 3

அக்காவுக்கு,

இங்கே யாரும் சுகமில்லை. சம்பிரதாயத்துக்குச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவளும் கூட வந்தாள். நேர்காணல் செய்தது கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயசுப் பெண். நல்ல பொறுமைசாலி. மேசையில் தண்ணீர் வைத்தாள், ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டு அணைத்தாள். நீ சொன்னபடி எதையும் மழுப்பாமல் சொன்னேன். போன், மாடிப்படி, கடையில் நடந்தது எல்லாம். கனவு வருமா என்று கேட்டாள். இவள் பக்கத்தில் இருக்கிறாளே என்று தயக்கமாக இருந்தது. பிறகு, போகட்டும், இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை, இன்றைக்கே தெரிந்துகொள்ளட்டும் என்று ஆரம்பித்தேன்.

புதுச் சட்டை, காலரில் குண்டூசி என்றேன். அவள் பேனா நின்றது. எந்த மாடி என்று கேட்பான் என்றேன். நான் அடுத்ததைச் சொல்வதற்கு முன்னாலேயே அவள், "பட்டன்ல நம்பர் இருக்காது. அப்படித்தானே சார்?" என்றாள். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது அக்கா. இந்தக் கனவு எல்லோருக்கும் வரும் போலிருக்கிறது, நான் மட்டும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

"இதை நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். கம்பெனியில் நஷ்டஈடு கேட்க ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்குவதற்காகப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் உண்டாம். நான் சொன்னது அவர்களுடைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரியில் அப்படியே இருக்கிறதாம். அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதியாம். மன்னிக்கச் சொல்லி எழுந்து நின்றாள்.

தெருவுக்கு வந்ததும் இவள் சொன்னாள். "எங்க அண்ணன் விஷயத்துலயாவது நடிக்காம இருந்திருக்கலாம்." அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இப்போது உள்ளே துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கதவடியில் கிடந்தது. இந்தக் கனவை இந்த உலகத்தில் நான் சொன்னது உன்னிடம் மட்டும்தான். கனவை அங்கே சொல்லாதே என்று ஏன் எழுதினாய்?

தம்பி

*

மே 19

என் அருமைத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே நாக் கூசுகிறது.

ஆமாம். மூன்றாவது மாதிரி உன் கனவுதான்.

நான் எழுதிய மாதிரிகள் எதுவும் உண்மையான மனிதர் பேசுகிற மாதிரி இல்லை. உன் கடிதம் டிராயரில் இருந்தது. ஒருநாள் பயிற்சிக்கு முன்னால் அவசரத்தில் அதைப் பார்த்து எழுதினேன். உன் தொழிலை மாற்றி எலக்ட்ரீசியன் என்று போட்டேன். வயதை மாற்றினேன், மாப்ள என்பதை நண்பா என்று மாற்றினேன். சட்டையையும் பட்டனையும் மாற்றியிருக்கலாம். மாற்றிப் பார்த்தேன், உயிர் போய்விட்டது. அதனால் விட்டுவிட்டேன். எங்கள் பிரிவைத் தாண்டிப் போகாது என்று நினைத்தேன். பெரிய டாக்டர் அதைப் புத்தகமாக அடித்து மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். உன் ஊருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே உனக்கு எழுதினேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாயோ என்று பயந்தேன்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். இது உன் கனவுதான் என்று நான் எழுத்தில் கொடுத்தால், அனுமதி வாங்காமல் ஒருவர் கதையைப் பயன்படுத்தியதாக விசாரணை வரும். புத்தகத்தைத் திரும்பப் பெறுவார்கள், ஆராய்ச்சி பாதியில் நிற்கும். சிகிச்சைக்காகக் காத்திருக்கிற மற்றவர்கள் என்ன ஆவார்கள்? கொஞ்ச நாள் பொறு. அந்தப் பெண்ணிடம் நானே பக்குவமாகப் பேசுகிறேன். இல்லையென்றால் இங்கே வா, வேறு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். உன் வீட்டுக்காரியிடம் நான் பேசட்டுமா?

உன்னைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை. அது உனக்குத் தெரியும்.

உன் அக்கா

*

மே 24

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதிய கடிதத்தை இவர் என் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்தார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், நான் படித்து முடிக்கும்வரை உட்காரவும் இல்லை. உட்காருங்கள் என்று நானும் சொல்லவில்லை. அது என் தப்பு. பிறகு நான் கேட்டதும் கனவை முழுக்கச் சொன்னார்.

ஊதாக் கட்டம் போட்ட சட்டை என் அண்ணனுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. கடைசிவரை அவன் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில்தான் மடித்தபடி இருக்கிறது. அதை இவர் பார்த்திருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. என் அண்ணன் இவருடைய கனவில் வருகிறான், சிரிக்கிறான், கோபமில்லாமல் பேசுகிறான். இதை என் வீட்டுக்காரர் வாயால் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் யார் யாரோ படித்திருக்கிறார்கள். படித்து மார்க் போட்டிருக்கிறார்கள். கடைசியில் அது என் காதில் விழுந்தபோது பொய் என்றுதான் விழுந்தது. தெருவில் வைத்து இவரை நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அந்த வார்த்தையை என் வாயில் வைத்தது நீங்கள்.

மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி என்ன ஆவார் என்று எழுதவில்லை. பக்குவமாகப் பேசுவதெல்லாம் வேண்டாம். உங்கள் பேரைப் போட்டு, இது என் தம்பியின் கனவு, அவனைக் கேட்காமல் நான் எடுத்தேன் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் கடிதத்தையே கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைப்பேன். எனக்குப் பேசத் தெரியாது என்று நினைக்கவேண்டாம்.

குட்டியின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். நானும் அவளும் இன்றைக்கே வீட்டுக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

ஜூன் 8

அருமைத் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

நீங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தேன், எங்கள் பெரிய டாக்டருக்கும் கொடுத்தேன். அவர் கடிதத்தை மேசைமேல் தட்டிக்கொண்டே, "இவ்வளவு நாள் சும்மா இருந்துட்டு இப்ப ஏம்மா?" என்று கேட்டார். உன் மனைவி எழுதச் சொன்னாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. புத்தகத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். மூன்றாவது மாதிரி இனிமேல் இருக்காது. என்னைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், மற்றவர்கள் வாங்கி வரும் மார்க்குகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை. ஆராய்ச்சி நிற்கவில்லை. நான் பயந்த மாதிரி எதுவும் நிற்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேனா? இதை யோசித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை மறுபடி கூப்பிடுவார்கள். தயவுசெய்து போ. என்மேல் இருக்கிற கோபத்தில் போகாமல் இருந்துவிடாதே. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா

*

நவம்பர் 20

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஜூலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பெண் ஸ்டோர் ரூமுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, கையில் கொடுத்ததை நம்பினாள். ஆலோசகர் காது சரியாகக் கேட்காத மனிதர். அன்றைக்கு நடந்ததை வாராவாரம் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அவருக்காக நான் உரக்கச் சொல்லவேண்டியிருக்கும். பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் என் விபத்து பாடமாகியிருக்கும். முதல் மாதம் செத்துப் பிழைத்தேன். பிறகு ஒருநாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே பசித்தது. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

போன வாரம் கடைசி நேர்காணல். என்னை முன்பின் தெரியாத வேறொரு பெண் செய்தாள். திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது, தவிர்ப்பது, தூக்கிப்போடுவது எல்லாம் இறங்கிவிட்டன. நடுவில் ஒரு கேள்வி, நெருக்கமானவர்களிடமிருந்து விலகிப்போன மாதிரி இருக்கிறதா என்று. நீ வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிய கேள்வியாகத்தான் இருக்கும். நாலு என்றேன். அவள் முதல் நேர்காணலின் மார்க்கைப் பார்க்கக்கூடாதாம், அதனால் ஆச்சரியப்படவில்லை. மே மாதம் கேட்டபோது அதற்கு நான் பூஜ்யம் சொல்லியிருந்தேன். யாரிடமிருந்து விலகிப்போன மாதிரி என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

மொத்தத்தைக் கூட்டினால் கோட்டுக்கு நன்றாகக் கீழே வந்துவிட்டேன். உங்கள் கணக்கில் நான் குணமானவன். அந்தத் தாள் உன் மேசைக்கு வரும்போது பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். இருந்தாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

போனும் பேசுகிறேன். உனக்குப் போன் செய்யாததற்குக் காரணம் அந்த வியாதி இல்லை. நான் உன்னைத் திட்டப்போவதும் இல்லை. வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். நீ என்பதால் எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.

இன்னொன்று. கனவு இப்போதும் எப்போதாவது வருகிறது, ஆனால் மாறிவிட்டது. மச்சான் வேறு ஒன்று சொல்கிறான். எழுந்ததும் இவளை எழுப்பிச் சொன்னேன், இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம், பிறகு சிரித்தோம். ஆலோசகரிடமும் சொன்னேன், அவர் இரண்டு தடவை கேட்டார். என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஆசையாக இருக்கும்.

உனக்குச் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி